முடக்குவாதத்தில் முன்பாத நோவும் அதன் ரணசிகிச்சையும்

(வத்திராயிருப்பில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்திய விஷயமாக ஏதேனும் பேசுமாறு நமது சங்கக் காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தபோது, சர்க்கரை வியாதியைப் பற்றியோ, இருதய நோயைப் பற்றியோ யாம் பேசக்கூடுமென்று அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைக் குறித்துப் பேசுவோர் பலர் உளர். நம் வீடுகளில் பெண்மக்கள் வாய் திறவாது பொறுத்துவருகின்ற ஒரு நோவைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் வழங்கும் நோயினால் பாதத்தின் முன்பகுதியில் உண்டாகும் நோவும், அதற்கு மருந்தாலும், மிதியடியாலும், ரணசிகிச்சையாலும் செய்யத்தக்க பரிகாரமுமே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எமக்கு நாணமாயிருக்கின்றது. எனினும் சொல்லவே வேண்டும்.

எமது தமக்கையார் இவ்வூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். வயலுக்குக் கஞ்சிக்கலயம் சுமந்து வரப்பின் மேல் விரைந்து நடந்தவர்; ஆடி அமாவாசை தோறும் தாணிப்பாறை வழியாய்ச் சதுரகிரி ஏறி மகாலிங்கத்தைத் தரிசித்துத் திரும்பியவர். அவருக்கு நாற்பத்தெட்டாம் வயதில் கைவிரற் கணுக்கள் வீங்கின. வைத்தியத் தொழிலில் இருக்கும் யாமே அவரைப் பரிசோதிக்கச் செய்து, முடக்குவாதமென்று கண்டு, மருந்துக்கு ஏற்பாடு செய்தோம். கை வீக்கம் வடிந்தது. இரத்தப் பரிசோதனையும் நன்றாயிருந்தது. யாமும் மனநிறைவுற்று வெளியூரில் எம் தொழிலைப் பார்த்துவந்தோம். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வந்து, அவர் காலில் விழுந்து ஆசி பெற்றுச் சென்றோம். எட்டு ஆண்டுகள் அந்தக் காலில் விழுந்து வணங்கினோமேயன்றி, அந்தக் காலை ஒருநாளும் பார்த்தோமில்லை.

ஒரு பொங்கலன்று அடுக்களையில் அவர் அடுப்பின் முன் பழைய ஜமக்காளம் ஒன்றை நாலாய் மடித்துப் போட்டு, அதன்மேல் நின்று சமைப்பதைக் கண்டோம். ஏனென்று வினவியதற்கு, “தரை குளிருகிறது, தம்பி” என்றார். வெயில் ஏறிய வேளையில் தரை குளிர்வதேது? அவரை அமர்த்திப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளங்காலின் முன்பகுதியில், விரல்களுக்குச் சற்றுப் பின்னே, நெல்லிக்காயளவில் இரண்டு காய்ப்புகள் இருந்தன. பெருவிரல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. இரண்டாம் விரல் அதன்மேல் ஏறியிருந்தது. மற்ற விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்து தரையிற் படாமல் நின்றன.

“எத்தனை வருஷமாக இப்படி, அக்கா?” என்று கேட்டோம்.

“இது வெறும் ஆணிதானே, தம்பி. பெரிய பெரிய வியாதிகளைப் பார்க்கிற உன்னிடம் இதையா சொல்லுவது?” என்றார்.

தேர்த் திருவிழாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போவதையும், மலையேறுவதையும் அவர் நிறுத்தி நான்காண்டு ஆகியிருந்தது. வீட்டில் ஒருவரும் காரணம் கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை. இப்பிழை எம் வீட்டில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. இங்கே கூடியிருப்போர் வீடுகளிலும் நிகழக்கூடியதாகலின், அதைத் தெளிவுறச் சொல்லத் துணிந்தோம்.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். வாத நோய்கள் எண்பது என்று சித்த வைத்தியர் வகுத்தனர். ஆமவாதம் என்று ஆயுர்வேதத்தார் ஒன்றைப் பிரித்துக் கூறினர். நாமோ மூட்டு வலிகள் அனைத்தையும் ‘வாதம்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றோம். முதுமையில் முழங்கால் தேய்வது வேறு; முடக்குவாதம் வேறு. முன்னது உழைத்த மூட்டின் தேய்மானம். பின்னது, தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, மூட்டின் உட்சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது. நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது வரலாம். ஆண்களைப் பார்க்கிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. பெரும்பாலும் முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடையில், குடும்பப் பாரம் முழுவதும் தோளில் இருக்கும் காலத்தில், தொடங்குகின்றது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம்போல் விரல்கள் மடங்காமல் விறைத்திருத்தலும், இரு பக்கமும் ஒத்து வீங்குதலும், சிறு மூட்டுகளை முதலிற் பற்றுதலும் இதன் அடையாளங்கள்.

சிறு மூட்டென்றவுடன் நாம் கையையே நினைக்கின்றோம். காலிலும் அவ்வளவு சிறு மூட்டுகள் உள்ளன. நோயின் தொடக்கத்திலேயே அவை தாக்கப்படுவதும் உண்டு. நெடுநாள் நோயுற்றவர்களிற் பெரும்பாலோர்க்குப் பாதத்தில் ஏதேனும் ஒரு துன்பம் இருந்தே தீரும். கை கண்ணுக்கு முன் இருப்பதால் அதை எல்லோரும் காண்கின்றனர். கால் சேலை மறைவில் இருப்பதால் தப்பிவிடுகின்றது.

பாதத்தின் அமைப்பைச் சிறிது சொல்லுவோம். பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கி ஐந்து நெடு எலும்புகள் ஓடுகின்றன. அவற்றின் உருண்டை முனைகள் விரலெலும்புகளோடு சேரும் இடங்களே விரலடிக் கணுக்கள். நாம் அடியெடுத்து ஊன்றும்போது தேகத்தின் பாரம் குதிகாலிலிருந்து நகர்ந்து இக்கணுக்களின் மேல் வந்து இறங்குகின்றது. அப்பாரம் எலும்பை உறுத்தாதபடி அவற்றின் கீழே கொழுப்பாலான ஒரு மெத்தையை இயற்கை அமைத்திருக்கின்றது. முடக்குவாதத்தில் கணுவின் சவ்வு வீங்கி, அதைப் பிணித்திருக்கும் தசைநார்கள் நைந்துபோகின்றன. விரலெலும்பு தன் இடம்விட்டு மேலே ஏறிவிடுகின்றது. ஏறும்போது கொழுப்பு மெத்தையையும் முன்னே இழுத்துச் செல்லுகின்றது. நெடு எலும்பின் முனையோ கீழே தள்ளப்படுகின்றது. பிறகு தோலுக்கும் எலும்புக்கும் இடையே மெத்தை இல்லை. தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்துக் காய்ப்பாகின்றது. அக்காய்ப்பே மேலும் உறுத்துகின்றது. கூழாங்கற்களின் மேல் நடப்பதுபோல் இருக்கின்றது என்று நோயாளர் கூறுவது உயர்வு நவிற்சியன்று, நடப்பது அதுவே.

இதனை ‘ஆணி’ என்று எண்ணிச் சவரக் கத்தியால் சீவுவோரும், காரமருந்துப் பிளாஸ்திரி ஒட்டுவோரும் நம்மில் உளர். சீவினால் சில நாள் சுகம் தோன்றும். உள்ளே எலும்பு இருந்த இடத்திலேயே இருப்பதால் காய்ப்பு மீண்டும் வரும். நீரிழிவும் உடனிருப்பவர்க்கு அந்தக் கத்தியே புண்ணுக்கும், விரல் இழப்புக்கும் வழியாகலாம். பெயரும் விலாசமும் இல்லாத மூட்டுவலிப் பொடிகளை வாங்கி உண்பது அதனினும் கேடு. அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது பன்முறை கண்டறியப்பட்டுள்ளது. வலி மறையும், எலும்பு மெலியும்.

சிகிச்சையில் முதற்படி மருந்து. முடக்குவாதத்துக்கு இன்று உலகெங்கும் முதன்மையாக வழங்கும் மருந்து மெதோடிரெக்ஸேட். இம்மருந்தின் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களின் தலைமையில் லெடர்லி ஆராய்ச்சிச்சாலையில் உருவான மருந்துகளின் வழியில் வந்தது இது. இரத்தப் புற்றுநோய்க்கென அமைந்த அம்மருந்தினத்தை 1951-ல் முடக்குவாதத்துக்கும் கொடுத்துப் பார்த்தனர். 1988-ல் அமெரிக்க அரசாங்கம் இந்நோய்க்கு மெதோடிரெக்ஸேட்டை அங்கீகரித்தது. சுப்பாராவ் அவர்களோ 1948-லேயே காலமாகிவிட்டார். தம் உழைப்பின் இப்பயனை அவர் கண்டாரில்லை.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லாமற் செல்லலாகாது. இம்மருந்து வாரத்துக்கு ஒருநாள் மாத்திரம் உட்கொள்ளத்தக்கது. நாள்தோறும் உண்ணும் மாத்திரையென்று தவறாக எண்ணி உண்டு உயிருக்கே அபாயம் தேடிக்கொண்டவர் உண்டு. கர்ப்பிணிகளுக்கும், கருவுற நினைப்போருக்கும் இது ஆகாது. இரத்தமும் ஈரலும் அவ்வப்போது பரிசோதிக்கப்படவேண்டும்.

மருந்தைக் காலத்தில் தொடங்கினால் கணுக்கள் சிதையாமற் காக்கலாம். ஆனால் சிதைந்த கணுவை மருந்து சீராக்காது. கூரையில் பற்றிய தீயை அணைத்தல் வேறு. எரிந்துபோன உத்தரத்தை மாற்றுதல் வேறு. எமது தமக்கையார் விஷயத்தில் யாம் அறியத் தவறியது இதுவே. இரத்தப் பரிசோதனை நன்றாயிருந்ததைக் கண்டு, கால் நன்றாயிருப்பதாக எண்ணினோம்.

இரண்டாம்படி மிதியடி. இதில் நமது தமிழ்நாடு உலகுக்கே ஒரு பாடம் கற்பித்தது. 1914-ல் கொல்லிமலையிற் பிறந்த பால் பிராண்ட் என்னும் ரணவைத்தியர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டநோயாளரின் கைகால்களைச் சீர்செய்வதில் முனைந்தார். உணர்ச்சியற்ற பாதம் புண்ணாவது நோயின் கிருமியால் மாத்திரமன்று, நடக்கும்போது ஒரே இடத்தில் பாரம் அழுத்துவதாலே என்று அவரும் அவரோடிருந்தவர்களும் நிலைநாட்டினர். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற நுண்துளை ரப்பர்ச் செருப்பு வேலூரிலும் கரிகிரியிலும் செய்து வழங்கப்பட்டது. எம்.சி.ஆர். செருப்பென்று இன்று நாம் கேட்டு வாங்குவது இதனையே. குஷ்டத்தில் நோவு இல்லாமையால் பாதம் அழிகின்றது. முடக்குவாதத்தில் நோவு மிகுந்து நடை அழிகின்றது. இரண்டுக்கும் பொதுவாயுள்ளது அழுத்தம். ஆதலின் செருப்பு இரண்டுக்கும் உதவுகின்றது. விரலுக்கு இடமளிக்கும் அகன்ற முன்பகுதியும், மெத்தென்ற அடியும், நெடு எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னே தாங்கும் ஒரு திண்டும் அதில் இருத்தல் வேண்டும்.

ஆயினும் நம் வீடுகளில் ஒரு தடை உண்டு. மேனாட்டார் வீட்டுக்குள்ளும் பாதரக்ஷை அணிவர். நம் பெண்மக்களோ விடியற்காலந்தொட்டு இரவு வரை கல்தரையில் வெறுங்காலோடு நிற்கின்றனர். வைத்தியர் தரும் செருப்பு வாசற்படியோடு நின்றுவிடுகின்றது. வீட்டுக்குள் மாத்திரம் அணிவதற்கென்று தனியே ஒரு ஜோடி வைத்துக்கொள்ளல் அனாசாரமாகாது. தெருவில் மிதிக்காத செருப்பு அடுக்களைக்கு என்ன தீட்டுக் கொண்டுவரும்? இதை மாமியார்மார்கள் தாமே முன்வந்து மருமக்களுக்குச் சொல்லல் வேண்டும்.

மூன்றாம்படி ரணசிகிச்சை. மருந்தும் மிதியடியும் செய்தும், நோவு நடையைத் தடுக்கும்போதும், காய்ப்பு புண்ணாகும்போதும் இது தகும். 1911-ல் அமெரிக்காவில் ஹாப்மன் என்னும் வைத்தியர், வளைந்த விரல்களைத் திருத்தும்பொருட்டு ஐந்து நெடு எலும்புகளின் முனைகளையும் உள்ளங்கால் வழியாகத் திறந்து நீக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் 1959-ல் பௌலர், 1960-ல் கிளேட்டன் முதலியோர் அதனை முடக்குவாதப் பாதங்களுக்கு ஏற்றபடி திருத்தினர். உறுத்தும் முனையை எடுத்துவிட்டால் விரல் இறங்கித் தன்னிடம் வரும். முன்னே ஓடிய மெத்தையும் பின்னே வந்து சேரும். இதுவே அதன் தத்துவம்.

இப்போது பெரும்பான்மையாகச் செய்வது வருமாறு. பெருவிரலின் அடிக்கணுவை நேர்ப்படுத்தித் திருகாணிகளாலும் சிறு தகட்டாலும் ஒன்றாய்ப் பிணைத்துவிடுவர். அக்கணு பின்னர் மடங்காது. ஆயினும் நோவாது, பாரத்தையும் தாங்கும். மற்ற நான்கு விரல்களின் அடியில் நெடு எலும்பு முனைகளை அளவாக நீக்கி, விரல்களை நேராக்கி, மெல்லிய கம்பி கோத்து நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருப்பர். புதிய மருந்துகளால் கணுக்கள் முன்போல் முற்றச் சிதையாமையால், முனையை நீக்காமல் எலும்பைச் சற்றே வெட்டிக் குறுக்கி, கணுவைக் காப்பாற்றும் முறை ஜப்பான் முதலிய தேசங்களில் வளர்ந்துவருகின்றது. காலத்தில் வருவோர்க்கே இவ்வாய்ப்பு. தாமதித்து வருவோர்க்கு இல்லை.

இதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. புண் ஆறத் தாமதித்தலும், சீழ் பிடித்தலும், பிணைத்த எலும்பு சேராமற் போதலும் சிலருக்கு நேரும். விரல்கள் சற்றுக் குட்டையாகும். சில ஆண்டு கழித்துக் காய்ப்பு மீண்டும் தோன்றலும் உண்டு. வீக்கம் முழுதும் வடியப் பல மாதம் செல்லும். ஆதலின் முன்கூட்டியே காலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கவேண்டும், சர்க்கரையை அடக்கவேண்டும், புகைப்பவர் புகையை விடவேண்டும். முடக்குவாதம் கழுத்தெலும்பையும் தளர்த்தக்கூடுமாகையால், மயக்கமருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரைச் சொல்லிக் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுக்கவேண்டுமா என்று கேட்டல் நன்று. ஸ்டீராய்டு உண்பவர் அதைத் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. இடுப்பும் முழங்காலும் கெட்டிருந்தால் எதை முதலிற் செய்வதென்று வைத்தியரோடு கலந்து முடிவு செய்யவேண்டும்.

இனி எமது தமக்கையார் கதையை முடித்துவிடுகின்றோம். மதுரையில் ஓர் எலும்பு வைத்தியர் பார்த்து, ரணசிகிச்சை தகும் என்றார். கத்திக்கு எமது தமக்கையார் அஞ்சவில்லை. ஆனால் மெட்டியைக் கழற்றவேண்டும் என்றதும், “மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். வீங்கிய இரண்டாம் விரலில் அது இறுகிக் கிடந்தது, அறுத்தாலொழிய வராது. கணவர் இருக்க மெட்டியை அறுப்பதா என்பது அவர் கேள்வி. யாம் சொன்ன நியாயம் ஒன்றும் செல்லவில்லை. இரண்டு மாதம் இவ்வாறு கழிந்தது.

முடிவில் எமது அத்தானே ஒருநாள் தட்டாரை வீட்டுக்கு அழைத்துவந்தார். “நான் போட்ட மெட்டி, நானே எடுக்கச் சொல்லுகிறேன். நான் நன்றாய் இருக்கவேண்டுமென்றால் நீ நடக்கவேண்டும்” என்றார். அறுத்த வெள்ளியை மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்தின் கீழ் வைத்தார். எமது முப்பத்தாறு ஆண்டு வைத்திய அநுபவம் செய்ய இயலாததை அவருடைய ஒரு வார்த்தை செய்தது.

முதலில் வலக்காலும், ஐந்து மாதம் கழித்து இடக்காலும் செய்யப்பட்டன. வலக்காலில் ஒரு தையல் பிரிந்து, புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை குதிகாலால் ஊன்றும் தனிச் செருப்போடு, காலைத் தலையணைமேல் உயர்த்திக் கிடந்தார். அத்தான் சோறு வடித்தார். மருமகள் மற்றவை பார்த்தாள். இன்று எமது தமக்கையார் சதுரகிரி ஏறுவதில்லை, ஏறவும் இயலாது. ஆனால் ஜமக்காளமின்றி அடுக்களையில் நிற்கின்றார். சென்ற ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் தேருக்குப் பின்னே நடந்து சென்றார். அந்த வெள்ளியில் புது மெட்டி செய்து, சற்றுத் தளர்வாக அணிந்திருக்கின்றார்.

நான்காண்டு முன்னரே யாம் பார்த்திருந்தால் ரணசிகிச்சை சிறிதாய் முடிந்திருக்கலாம். செருப்போடே நின்றிருக்கவும் கூடும். அந்த நான்கு ஆண்டு எமது கவனக்குறைவால் அவர் இழந்தவை.

ஆதலின் இச்சபையாரிடம் எமது வேண்டுகோள் நான்கு. ஒன்று: காலையில் விரல் விறைக்கும் எவரையும் ‘வாதம், வயதாயிற்று’ என்று தள்ளாமல், சில வாரங்களுக்குள் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு: முடக்குவாதம் உள்ளவரின் பாதத்தை மாதம் ஒருமுறை அடியும் மேலும் திருப்பிப் பாருங்கள், பாதத்தின் முன்பகுதியை இருபுறமும் மெல்ல அழுத்தினால் நோகின்றதா என்று கேளுங்கள். வைத்தியரிடம் கையை மாத்திரம் நீட்டாமல் காலையும் காட்டுங்கள். மூன்று: ஆணியென்று கத்தியை எடுக்காதீர்கள். நான்கு: ரணசிகிச்சை வேண்டுமென்றால் அவ்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு மாத ஓய்வைக் குடும்பத்தார் கூடி முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள், பணம் கிடைத்தாலும் இந்த ஓய்வு கிடைக்காமையாலேயே பலர் வராமலிருக்கின்றனர். பொருள் வசதி குறைந்தோர்க்கு மதுரை இராஜாஜி அரசு ஆஸ்பத்திரியும், 2022-ல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்போர் அதனையும் எடுத்துச் சென்று விசாரிக்கலாம். நமது சங்கமும் துணைக்கு ஆள் இல்லாத பெண்களோடு சென்றுவர இருவரை நியமிக்குமானால் பேருதவியாகும்.

பெரியோரின் பாதம் பணிதல் நம் முன்னோர் வகுத்த நல்வழக்கம். பணியும்போது அப்பாதம் நோகின்றதா என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக.